சிகரெட் அட்டையில் ஓடுவது குதிரையா, முதலாளியின் சட்டையா?

கேள்வி இதுதான்: நூறு வருடத்துக்கு முந்தைய பிரிட்டிஷ், அமெரிக்க சிகரெட் பாக்கெட்டுகளுக்குள் வந்த சின்னப் பட அட்டைகளில் குதிரைப் பந்தயம் ஏன் அவ்வளவு அடிக்கடி வருகிறது? அது வெறும் சூதாட்ட விளம்பரமா, இல்லை அந்தப் படங்களுக்கு வேறு அர்த்தம் இருந்ததா?

சூதாட்ட விளம்பரம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அட்டைகளைக் கொஞ்சம் அதிகமாகக் கையாண்ட பிறகு வேறு ஒன்று கண்ணில் பட்டது. இவற்றில் பெரும்பாலானவற்றில் குதிரை கதாநாயகன் இல்லை, அதன்மேல் ஏறி ஓட்டும் ஜாக்கியும் இல்லை. ஜாக்கி போட்டிருக்கும் பட்டுச் சட்டைதான் கதாநாயகன், அந்தச் சட்டை யாருடையது என்பதுதான் விஷயம். அதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவிழும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அட்டை எதற்கு வந்தது என்று பார்த்துவிடலாம். 1880களில் சிகரெட் மெல்லிய காகிதப் பாக்கெட்டில் வந்தது. பையில் வைத்தால் நசுங்கிவிடும், அதனால் விறைப்பாக நிற்க உள்ளே ஒரு கெட்டி அட்டை. வெறும் அட்டையாக எதற்கு இருக்க வேண்டும், அதில் ஒரு படம் போடுவோம் என்று அமெரிக்கக் கம்பெனிகள் ஆரம்பித்தன. ரிச்மண்டில் இருந்த ஆலன் அண்ட் ஜின்டர் இதில் பெரிய கை. படம் ஒன்று என்றால் ஒருமுறை பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவான். 50 படம் கொண்ட ஒரு வரிசை, அதில் இது 17ஆவது என்று போட்டால் மீதி 49க்காகத் திரும்ப வருவான், அதே பிராண்டையே வாங்குவான். அப்போதுதான் சிகரெட் சுற்றும் இயந்திரமும் வந்து சரக்கு மலையாகக் குவிய, விற்றாக வேண்டிய நெருக்கடி. ஆலன் அண்ட் ஜின்டர், டியூக், கின்னி, கிம்பல், குட்வின் என்று ஐந்து கம்பெனிகள் அட்டையை வைத்தே ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டின. 1890இல் ஐந்தும் சேர்ந்து அமெரிக்கன் டொபாக்கோ என்று ஒரே கம்பெனி ஆனதும் அங்கே அட்டையின் வேகம் குறைந்துபோனது. போட்டி இல்லையென்றால் இலவசம் எதற்கு?

இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊர் வில்ஸ், நாட்டிங்ஹாம் ஊர் ஜான் பிளேயர், லிவர்பூல் ஊர் ஆக்டன்ஸ் ஆகியோர் இதை எடுத்துக்கொண்டு அமெரிக்கர்களை விட அதிக நாள் ஓட்டினார்கள். அங்கே வழக்கமான அளவு சுமார் 68க்கு 36 மில்லிமீட்டர், அதாவது தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளம். அப்பா சிகரெட் பிடிப்பார், அட்டை பையனுக்கு. தொழிற்சாலை வாசலில், கடை வாசலில் நின்றுகொண்டு பெரியவர்களிடம் "அட்டை இருக்கா சார்?" என்று கேட்பது அந்தக் காலப் பையன்களின் வழக்கமான தொழில். சுவரை நோக்கிச் சுண்டி விளையாடுவார்கள். நம் ஊரில் சார்மினார், சிசர்ஸ், பெர்க்லி, கோல்ட் ஃபிளேக் என்று காலிப் பாக்கெட்டைக் கிழித்து, ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒரு மதிப்பு வைத்து, தெருவில் சில்லு எறிந்து விளையாடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (அந்த சிசர்ஸ் பிராண்டே வில்ஸ் கம்பெனியுடையதுதான். முதல் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்பு இந்தியப் படைப்பிரிவுகளின் படங்களை அட்டையாகப் போட்டது அதில்தான்.)

சரி, குதிரைக்கு வருவோம்.

1888இல் ஆலன் அண்ட் ஜின்டர் 50 அட்டை கொண்ட ஒரு வரிசை வெளியிட்டது. பெயரே 'உலகின் பந்தய நிறங்கள்'. பந்தயக் குதிரைகள் என்றோ ஜாக்கிகள் என்றோ பெயர் வைக்கவில்லை, நிறங்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு ஜாக்கி, பளிச்சென்ற சட்டையும் தொப்பியும் போட்டு. அட்டை அவனை அறிமுகப்படுத்துவதில்லை, அந்தச் சட்டைக்குச் சொந்தக்காரரைத்தான் அறிமுகப்படுத்துகிறது.

இந்த நிறங்களின் கதை பழையது. ஒரே திடலில் இருபது குதிரை கூட்டமாக ஓடி வரும்போது எது யாருடையது என்று தூரத்தில் இருந்து தெரியாது, அதனால் சண்டை. 1762இல் நியூமார்க்கெட்டில் கூடிய ஜாக்கி கிளப் உறுப்பினர்கள், இனி ஒவ்வொருவரும் தங்கள் ஜாக்கிக்கு ஒரே நிறத்தை நிலையாக உடுத்த வேண்டும் என்று முடிவு செய்து பதிந்துகொண்டார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அந்த ஜாக்கி கிளப்பில் ஜாக்கிகள் கிடையாது. பிரபுக்களும் கனவான்களும்தான். டெவன்ஷர் பிரபுவின் வைக்கோல் நிறம் அன்று பதிந்தது, அந்தக் குடும்பத்தில் இன்னும் அதே நிறம்தான். டெர்பி பிரபுவுக்குக் கறுப்புச் சட்டை, வெள்ளைத் தொப்பி. அரசருக்கு ஊதா உடல், தங்க ஜரிகை, சிவப்புக் கை, தங்கக் குஞ்சம் வைத்த கறுப்பு வெல்வெட் தொப்பி. கோயில் தேருக்குக் கொடி மாதிரி, சேர சோழ பாண்டியருக்கு வில் புலி மீன் மாதிரி, இது ஒரு குலச்சின்னம். என்ன, அந்தக் கொடியை ஐந்தடி உயர ஏழைப் பையன் ஒருவன் உடம்பில் மாட்டி ஓடவிடுவார்கள்.

புகையிலைக்கும் இந்தச் சட்டைக்கும் நேரடியான உறவும் உண்டு. பியர் லோரில்லார்ட் என்று ஓர் அமெரிக்கர், புகையிலைக் கம்பெனிக் குடும்பத்தின் வாரிசு. மூக்குப்பொடியிலும் புகையிலையிலும் சேர்ந்த பணத்தைக் கொண்டு குதிரை வளர்த்தார். அவருடைய இராக்வா என்ற குதிரைதான் இங்கிலாந்தின் புகழ்பெற்ற பந்தயமான எப்சம் டெர்பியை வென்ற முதல் அமெரிக்கக் குதிரை, 1881இல். ஏறியவர் அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஜாக்கி ஃபிரெட் ஆர்ச்சர். ஆக ஒருவன் ஐந்து காசுக்குப் புகை வாங்குகிறான், அந்தக் காசு சேர்ந்து சேர்ந்து ஒரு சீமானின் லாயமாகிறது, அப்படிப்பட்ட சீமான்களின் சட்டைப் படம் அட்டையாகத் திரும்பி அவன் பைக்கே வந்து சேருகிறது. கம்பெனிக்காரர்கள் இதையெல்லாம் யோசித்துச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பகட்டான நிறம், புது அச்சு முறையில் அழகாக விழும், ஆண்களுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. ஆனால் சுற்று என்னவோ அப்படித்தான் இருக்கிறது.

அந்த அமெரிக்க வரிசையைப் பார்க்கும்போது என்னை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. முதல் கென்டக்கி டெர்பி 1875இல் நடந்தது. ஓடிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பர்கள். வென்ற ஆலிவர் லூயிஸும் கறுப்பர்தான். ஐசக் மர்ஃபி 1884, 1890, 1891 என்று மூன்று முறை அதே பந்தயத்தை வென்றார். அடிமை முறை ஒழிந்து பத்து, இருபது வருடமே ஆன காலம், லாயத்தில் வளர்ந்தவர்களுக்குக் குதிரை கைவந்த கலை. பிறகு நிறவெறிச் சட்டங்கள் இறுக இறுக, வெள்ளை ஜாக்கிகள் அவர்களை வேலியோடு நெருக்கித் தள்ள, முதலாளிகளும் வாய்ப்புத் தருவதை நிறுத்த, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏறக்குறைய காணாமல் போனார்கள். 1901, 1902 இரண்டு ஆண்டும் வென்ற ஜிம்மி விங்க்ஃபீல்ட் ரஷ்யாவுக்கே பிழைப்புத் தேடிப் போனார். அதற்குப் பிறகு கென்டக்கி டெர்பியைக் கறுப்பு ஜாக்கி யாரும் வென்றதில்லை. 'நிறங்கள்' என்று பெயர் வைத்த ஒரு வரிசை சட்டையின் நிறத்தை மட்டும் பேசிவிட்டு, சட்டைக்குள் இருக்கும் ஆள் யார் என்ற கேள்வியையே எழ விடாமல் செய்துவிடுகிறது. முதலாளியின் பெயர் போதும் என்ற அந்த அமைப்பிலேயே இந்த மறதிக்கு இடம் இருந்தது என்பது என் எண்ணம்.

இங்கிலாந்தில் கதை கொஞ்சம் வேறு மாதிரி நகர்கிறது. ஆக்டன்ஸ் 1906இல் போட்ட வரிசையின் தலைப்பு 'உரிமையாளர்கள், பந்தய நிறங்கள், ஜாக்கிகள்'. அந்த வரிசைக்கிரமத்தைக் கவனியுங்கள்: முதலில் உரிமையாளர், அப்புறம் நிறம், கடைசியில்தான் ஜாக்கி. ஆனாலும் ஜாக்கிக்கு இப்போது முகமும் பெயரும் வந்துவிட்டன. 1925இல் அதே கம்பெனி பயிற்சியாளர்களுக்கும் ஒரு வரிசை போட்டது, அதிலும் உரிமையாளர் நிறங்கள் கூடவே வரும். அதே வருடம் ஜான் பிளேயர் 'பந்தயக் கேலிச்சித்திரங்கள்' என்று 40 அட்டை போட்டது. பெரிய தலையும் சின்ன உடம்புமாக, பந்தய உலகத்தின் பெரிய மனிதர்களையெல்லாம் கிண்டல் செய்து வரைந்திருப்பார்கள். பிரபுவைக் கேலிச்சித்திரமாக ஒரு தொழிலாளி தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியலாம் என்பதே முப்பது வருடத்துக்கு முன் யோசிக்க முடியாத காரியம். 1930இல் ஆக்டன்ஸ் ஜாக்கிகளுக்கென்றே 50 அட்டை. 1936இல் பெல்ஃபாஸ்ட் ஊர் கலஹர் கம்பெனி 'புகழ்பெற்ற ஜாக்கிகள்' என்று 48 அட்டை. ஐம்பது வருடத்தில் பெயர் இல்லாத சட்டைத்தாங்கி புகழ்பெற்றவனாகிவிட்டான். அட்டைகளைக் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால் இந்த நகர்வு அப்படியே தெரியும்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் பார்வையில் முக்கியமான இடம் இதுதான், குதிரை அட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகத் தாண்டிப்போகும் இடமும் இதுதான்.

1853க்கு முன் லண்டனில் 'லிஸ்ட்' கடைகள் என்று இருந்தன. சுவரில் குதிரைப் பட்டியலையும், கட்டிய காசுக்கு எத்தனை மடங்கு கிடைக்கும் என்ற பந்தய விலையையும் எழுதி ஒட்டியிருப்பார்கள், யார் வேண்டுமானாலும் போய்ப் பணம் கட்டலாம். அவற்றில் பல, வெளித்தோற்றத்துக்குச் சுருட்டுக் கடைகள். புகையிலையும் பந்தயமும் அப்போதே ஒரே கூரைக்குக் கீழ்தான் இருந்திருக்கின்றன. கூலிக்காரர்களும் வேலைக்காரப் பையன்களும் முதலாளியின் கல்லாவில் கைவைத்துப் பந்தயம் கட்டுகிறார்கள் என்று பெரியவர்கள் பதறி, 1853இல் அந்தக் கடைகளைச் சட்டம் போட்டு மூடினார்கள். பந்தயம் தெருவுக்கு வந்தது. 1906இல் இன்னொரு சட்டம், தெருவில் பந்தயம் வாங்குவதும் குற்றம்.

ஆனால் யாருக்குக் குற்றம்? பந்தயத் திடலுக்குள் நேரில் போய்க் கட்டினால் குற்றம் இல்லை. கையில் காசு கொடுக்காமல் கணக்கு வைத்து, தொலைபேசியிலோ தந்தியிலோ கடனாகக் கட்டினாலும் குற்றம் இல்லை. வேலை நாளில் எப்சமுக்கோ ஆஸ்கட்டுக்கோ போக முடிகிறவன் யார்? பந்தயப் பணம் வாங்கும் புக்கியிடம் கணக்கு வைத்துக்கொள்ளும் அளவுக்கு வங்கியும் தொலைபேசியும் உள்ளவன் யார்? சீமானுக்குப் பந்தயம் பொழுதுபோக்கு, தொழிலாளிக்கு அதே பந்தயம் போலீஸ் கேஸ். தெருமுனையில் புக்கியின் ஆள் ஒருவன் நிற்பான், சந்துக்கு இந்தப் பக்கம் ஒருவன் போலீஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான், துண்டுச் சீட்டில் குதிரைப் பெயரும் தொகையும் எழுதி, சொந்தப் பெயர் போடாமல் ஒரு புனைபெயர் போட்டுச் சுருட்டிக் கொடுப்பார்கள். மதுக்கடை, முடிவெட்டும் கடை, தொழிற்சாலை வாசல் என்று நாடு முழுக்க நடந்தது. சில போலீஸ்காரர்களுக்கும் மாமூல் போனது. இது நமக்குப் புதிதா என்ன?

இப்போது அட்டையைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பந்தயம் கட்டினால் அபராதம் என்று சொல்லப்பட்டவனின் சட்டைப்பையில், தினமும், சட்டப்படி, இலவசமாக, அடுத்த டெர்பியில் ஓடப் போகும் குதிரையின் படமும் அதன் உரிமையாளரின் நிறமும் வந்து விழுகின்றன. 'டெர்பியில் பதிந்த குதிரைகள்' என்று ஆக்டன்ஸ் 1926, 1928, 1929 மூன்று ஆண்டுகளிலும் வரிசை போட்டது. பந்தயம் கட்டு என்று அட்டை சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் பலகாரத்தை அடுக்கி, கதவைப் பூட்டி வைத்த மாதிரியான ஒரு நிலை அது. அட்டை அந்தக் கண்ணாடி.

ஆனால் வெறும் ஏக்கம் என்று மட்டும் சொன்னால் அந்த மனிதர்களைக் குறைத்து மதிப்பிட்டதாகிவிடும். அட்டையின் பின்பக்கம் அவர்களுக்குப் பெரிய பொக்கிஷம். அதில் என்ன இருக்கும்? இந்தக் குதிரை இன்ன ஆண் குதிரைக்கும் இன்ன பெண் குதிரைக்கும் பிறந்தது, வளர்த்தவர் இன்னார், பயிற்சி இன்னார், இரண்டு வயதில் இன்ன பந்தயம் ஜெயித்தது. நம் கல்யாணப் பத்திரிகையில் 'இன்னாரின் பேரனும் இன்னாரின் மகனுமான' என்று வருமே, அதே சுவை. உயர்ரகப் பந்தயக் குதிரைகளின் ஆண்வழி எல்லாம் கிழக்கே இருந்து இங்கிலாந்துக்கு வந்த மூன்று குதிரைகளில் போய் முடியும்: பயர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன். 1791இல் இருந்து இதற்கென்று வம்சாவளிப் புத்தகமே இருக்கிறது. 1913இல் அமெரிக்கக் குதிரைகள் பலவற்றின் வம்சத்தில் களங்கம் என்று சொல்லி அந்தப் புத்தகத்தில் சேர்க்கவே மறுத்தார்கள், 1949 வரை அந்த விலக்கு நின்றது. சாதி என்ற சொல் இல்லாமலே சாதிக்குரிய சகல சடங்குகளும் அங்கே உண்டு.

இதையெல்லாம் ஒரு சுரங்கத் தொழிலாளி மனப்பாடமாகச் சொல்வான். குருட்டாம்போக்கில் பந்தயம் கட்டுகிறவன் நான் இல்லை, ஆராய்ந்து கட்டுகிறேன் என்ற பெருமை அவனுக்கு. படத்தையும் கவனியுங்கள்: குதிரை மட்டும் உள்ள அட்டைகளில் அநேகமாக அது பக்கவாட்டில் நிற்கும், நான்கு காலும் தனித்தனியாகத் தெரியும்படி. பாய்ந்து ஓடும் படம்தானே பரபரப்பாக இருக்கும்? ஆனால் நிற்கும் குதிரையில்தான் தோளும் முதுகும் பின்னங்காலின் மடிப்பும் சரியாகத் தெரியும். 18ஆம் நூற்றாண்டில் பிரபுக்கள் தங்கள் குதிரைகளை ஓவியர்களை வைத்து வரைய வைத்தபோது வழக்கமாகக் கேட்டது இந்த நிலையைத்தான். மாளிகைச் சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்கிய அந்த ஓவியம் 68 மில்லிமீட்டராகச் சுருங்கி அட்டையில் வந்திருக்கிறது, அவ்வளவே. சந்தையில் காளைக்குச் சுழி பார்க்கிறவர்கள் எப்படிப் பக்கத்தில் நின்று, விலகி நின்று, காலைப் பார்த்து, திமிலைப் பார்த்து முடிவு செய்வார்களோ, அந்தப் பார்வைக்காக வரையப்பட்ட படம் அது. ஒரு வித்தியாசம், இங்கே பார்க்கிறவனால் அந்தக் குதிரையின் லாடத்தைக் கூட வாங்க முடியாது.

நம் பக்கத்துக்கும் ஒரு இழை இருக்கிறது. அந்த நிறங்களின் உலகத்தில் இந்தியப் பெயர்கள் வருகின்றன. கராச்சியில் பிறந்த, இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவரான மூன்றாம் ஆகா கான், பச்சையும் சாக்லேட்டும் வளையம் வளையமாக மாறிமாறி வரும் சட்டை, சாக்லேட் தொப்பி. 1930, 1935, 1936, 1948, 1952 என்று ஐந்து முறை எப்சம் டெர்பியை வென்றார். இன்றைய குஜராத்தில் உள்ள ராஜ்பிப்லாவின் மகாராஜா, அவருடைய வின்ட்சர் லாட் 1934 டெர்பியை வென்றது. காலனி நாட்டு ஆட்கள் சில கிளப்புகளின் படியேறவே முடியாத காலத்தில், டெர்பி பிரபுவின் கறுப்பு வெள்ளைக்குப் பக்கத்தில் அதே மரியாதையோடு ஆகா கானின் பச்சைச் சட்டை நின்றது. பெருமைப்படத் தோன்றும், எனக்கும் தோன்றியது. அப்புறம் யோசித்தால், உள்ளே விட்டது மனிதரையா பணத்தையா என்ற சந்தேகமும் வரும்.

அந்த வின்ட்சர் லாட் குதிரைக்கு அப்புறம் என்ன ஆனது தெரியுமா? டெர்பி முடிந்த சில வாரங்களில் மகாராஜா அதை 50,000 பவுண்டுக்கு விற்றார். வாங்கியவர் மார்ட்டின் பென்சன். தொழில்? புக்கி. கடன் கணக்கில் பந்தயம் வாங்கும் பெரிய நிறுவனம் நடத்தியவர். அதே ஆண்டு செயின்ட் லெஜர் பந்தயத்தை வின்ட்சர் லாட் அந்த புக்கியின் நிறத்தில் ஓடி வென்றது. ஆக, பணக்காரர்களிடம் தொலைபேசியில் பந்தயம் வாங்கும் புக்கிக்குத் தனிச் சட்டை நிறம், பிரபுக்களுக்குச் சமமான இடம். தெருமுனையில் ஆறு பென்சு வாங்குகிற புக்கியின் ஆளுக்கு அதே வருடம் நீதிமன்றத்தில் அபராதம். எனக்கு மொத்த விஷயத்தையும் ஒரே குதிரையில் காட்டுகிற கதை இதுதான்.

சாதாரண ஜனங்களுக்கு உண்மையில் யார்மேல் பிரியம் என்றால், பிரபுக்கள்மேல் இல்லை, ஜாக்கிகள்மேல். ஃபிரெட் ஆர்ச்சர் அந்தந்த ஆண்டில் அதிக வெற்றி பெற்ற ஜாக்கியாக 13 முறை முதலிடம், ஐந்து டெர்பி. உயரமான ஆள், எடை ஏறாமல் இருக்கப் பட்டினி கிடப்பார், விளக்கெண்ணெயும் ஒரு சின்னக் கோப்பை ஷாம்பெயினும்தான் காலைச் சாப்பாடு என்று சொல்வார்கள். பிரசவத்தில் மனைவி இறந்த துக்கம், பட்டினி, காய்ச்சல், எல்லாம் சேர்ந்து 1886 நவம்பரில் 29 வயதில் தன்னைச் சுட்டுக்கொண்டார். பட்டுச் சட்டைப் படங்களில் இந்தப் பட்டினி தெரியாது. ஸ்டீவ் டொனஹியூ, வாரிங்டன் ஊர்க்காரர், ஆறு டெர்பி. அவருடைய குதிரை ஓடினால் 'கமான் ஸ்டீவ்' என்று திடல் முழுக்கக் கத்தும், பந்தயத்தோடு சம்பந்தமே இல்லாதவர்கள் தெருவில் கூட அதைச் சொல்வார்கள். கார்டன் ரிச்சர்ட்ஸ் சுரங்கத் தொழிலாளியின் மகன், 26 முறை முதலிடம், 1933இல் ஒரே பருவத்தில் 259 வெற்றி, ஆர்ச்சரின் 246ஐ அன்றுதான் ஒருவர் தாண்டினார். இப்படிப்பட்டவர்களின் முகம் அட்டையில் வந்தபோது அது பிரபுவின் சட்டை விளம்பரமாக இல்லாமல், 'நம்ம ஆள்' ஆகிவிட்டது. கலஹரின் 48 ஜாக்கிகளில் எனக்குப் பிடித்தது அந்த முகங்கள்தான். சிரிக்காத, கன்னம் ஒட்டிய முகங்கள்.

அரச நிறத்துக்கும் ஒரு நிழல் உண்டு. 1913 டெர்பியில் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய எமிலி டேவிசன் வேலியைத் தாண்டி ஓடுபாதைக்குள் வந்து, அரசர் ஐந்தாம் ஜார்ஜின் குதிரை அன்மர் மோதி, நான்கு நாள் கழித்து இறந்துபோனார். ஏறியிருந்த ஹெர்பர்ட் ஜோன்ஸ் போட்டிருந்தது அந்த ஊதா, தங்கம், சிவப்பு. அதே பந்தயத்தில் முதலில் வந்த குதிரையைத் தகுதி நீக்கிவிட்டு, ஒன்று கட்டினால் நூறு என்று விலை வைத்தும் யாருமே சீந்தாத அபோயர் வென்றதாக அறிவித்தார்கள். அன்றைய டெர்பியை நினைத்தால் வென்ற நிறம் யாருக்கும் நினைவில் வராது, அரசரின் சட்டைதான் வரும்.

தடை தாண்டும் பந்தயங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. சமதளப் பந்தயம் பிரபுக்களுடையது என்றால், கிராண்ட் நேஷனல் கொஞ்சம் சேறும் சகதியுமான சமாச்சாரம். 1839இல் வென்ற குதிரையின் பெயரே லாட்டரி. 1928இல் 42 குதிரை கிளம்பி, விழுந்து எழுந்து, இரண்டே இரண்டு முடித்தன. வென்ற டிப்பரரி டிம்மின் பந்தய விலையும் ஒன்றுக்கு நூறு. வம்சாவளி ஆராய்ச்சியெல்லாம் இங்கே செல்லாது, யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம், அதனால் வருடம் முழுக்கப் பந்தயம் கட்டாத பாட்டிகள் கூட அன்று ஒரு நாள் ஆறு பென்சு கட்டுவார்கள். இது நடக்கும் எய்ன்ட்ரீ திடல் லிவர்பூலை ஒட்டி இருக்கிறது. ஆக்டன்ஸ் கம்பெனியும் லிவர்பூல். தடை தாண்டும் பந்தயத்துக்கென்றே அவர்கள் தனி வரிசைகள் போட்டதற்கு இந்த ஊர்ப்பாசமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். பிளேயர் 1933இல் டெர்பி, கிராண்ட் நேஷனல் இரண்டின் வெற்றிக் குதிரைகளையும் ஒரே 50 அட்டை வரிசையில் சேர்த்தது. சேகரிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான், அழகான வரிசை, இன்னும் சுலபமாகக் கிடைக்கிறது.

ஆஸ்திரேலியாவில் மட்டும் குதிரைக்கே முழு மரியாதை. மெல்போர்ன் கோப்பைக்கு ஊரே விடுமுறை விடுகிற நாடு அது. 1930இல் அந்தக் கோப்பையை வென்ற ஃபார் லாப், பொருளாதார மந்தத்தில் வேலை இழந்து நின்றவர்களுக்கு ஒரே சந்தோஷம். 1932இல் கலிஃபோர்னியாவில் அது இறந்தபோது தோல் மெல்போர்னுக்கும், இதயம் கான்பெராவுக்கும், எலும்புக்கூடு பிறந்த நாடான நியூசிலாந்துக்கும் போயிற்று, மூன்றும் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அந்தக் குதிரையின் உரிமையாளர் அணிவித்த நிறம் என்ன என்று பத்து ஆஸ்திரேலியர்களைக் கேளுங்கள், எத்தனை பேர் சொல்கிறார்கள் பார்ப்போம்.

உங்கள் கையில் இப்படி ஏதாவது அட்டை இருந்தால், முன்பக்கத்தில் யார் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உரிமையாளர் பெயரா, ஜாக்கி பெயரா, குதிரையின் பெயரா. அந்த அட்டை யாரை மதிக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும், பெரும்பாலும் எந்தக் காலம் என்பதும்.

1940இல் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் பிரிட்டிஷ் அட்டைகள் நின்றுபோயின. பழையபடி திரும்பி வரவே இல்லை. சாதாரண ஆள் தெருவில் இருக்கும் கடைக்குப் போய்க் காசு கொடுத்துப் பந்தயம் கட்டலாம் என்று சட்டம் வந்தது 1960இல், கடைகள் திறந்தது 1961 மே மாதம். ஜனங்களைக் கவர்ந்து இழுக்கக் கூடாது என்பதற்காக அந்தக் கடைகள் வேண்டுமென்றே அழுது வடியும்படி இருக்க வேண்டும் என்று அரசாங்கம் பார்த்துக்கொண்டது. வெளியில் இருந்து உள்ளே தெரியாதபடி கண்ணாடியை மறைத்திருப்பார்கள், உள்ளே டிவி வைக்க அனுமதி கிடைக்க 1986 ஆயிற்று. அதுவரை ஒலிபெருக்கியில் வரும் குரலைக் கேட்டுக்கொண்டு, ஓடுகிற குதிரையையும் சட்டையின் நிறத்தையும் மனதுக்குள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.